சொல்லாமல் போய்த் தீ வைத்த காதர் சார்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதை எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகள் இப்போதுதான் தூங்கினாள். சிலிண்டரை மூடி, மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நம் ஒன்றிய அலுவலகத்தில் கிராமத் தீத்தடுப்பு மானியத்தைக் கவனித்துவந்த காதர் சாரைப் பற்றி, அவரோடு ஊர் ஊராக அலைந்த உங்களுக்கு எழுதுகிறேன். ஓர் உதவியும் கேட்க வேண்டும். எங்கள் ஊர்க் கோப்பு அவர் கையெழுத்து இல்லாமல் என் மேசைக்கு வந்துவிட்டது; இனிச் சான்றில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மாதத்துக்குள் முடியாவிட்டால் மானியம் திரும்பிப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஜீப் டிரைவர் முருகேசண்ணன் போனில் கூப்பிட்டார். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டால், சார் எங்கேயோ தீ வைக்கக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். "இன்னைக்கு எந்த ஊருங்கண்ணா?" என்றேன். "எங்கயும் இல்லீங்க. சார் நெஞ்சு வலின்னு சொன்னாராமா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டாருங்க" என்றார்.

மானியத்தின் முதல் தவணையில் ஊராட்சி ஒரு பம்பும் ஓஸ் பைப்பும் வாங்க வேண்டும். அவை வேலை செய்வதை நேரில் பார்த்துச் சான்று கொடுத்தால்தான் தண்ணீர்த் தொட்டிக்கும் பயிற்சிக்கும் இரண்டாம் தவணை. மற்ற அதிகாரிகள் பம்பைத் தொட்டுப் பார்த்து, இளநீர் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். சார் ஜீப்பில் காய்ந்த தென்னை மட்டையை ஏற்றிக்கொண்டு போவார். வெற்று மைதானத்தில் குவித்து, மணல் வாளிகளைப் பக்கத்தில் வைத்து, பற்றவைப்பார். ஊர்த் தீயணைப்புக் குழுவுக்குப் போன் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார்.

பல்லடம் பக்கத்து ஊர் ஒன்றில் மட்டை எரிந்து சாம்பலான பிறகுதான் நாங்களே பம்பைத் தேடிப் போனோம். கோயில் அறையில், மஞ்சள் குங்குமத்தோடு, மாலை போட்டு, வாங்கி வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் காங்கயத்தில் ஒரு காதுகுத்து விருந்தில் இருந்தார்.

"புதுச் சாமானுங்க. எடுத்தா அழுக்காயிருமுங்கல்ல" என்றார் ஊராட்சித் தலைவர்.

"நெருப்பு வந்தா அதுகிட்டயும் இதையே சொல்லுங்க. கவர் பிரிக்கலீங்க, நாளைக்கு வாங்கன்னு சொல்லுங்க" என்றார் சார்.

அருள்புரம் பக்கம் இன்னோர் ஊரில் குழுப் பட்டியலில் இருந்த பத்துப் பேரும் தலைவரின் சொந்தக்காரர்கள். தீயை அணைக்க ஓடி வந்தவர்களோ பக்கத்துப் பனியன் கம்பெனியில் தைக்கும் ஒடிசாக்காரர்கள். சார் பட்டியலை அடித்துவிட்டு என்னிடம், "யாரு சட்டை நனைஞ்சிருக்குதோ அவங்க பேரை எழுது கண்ணு" என்றார்.

"அவிய வெளியூர்க்காரங்க சார்" என்று தலைவர் இழுத்தார்.

"நெருப்பு ரேஷன் கார்டா கேக்கப்போவுது?"

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். வேலைக்கு வந்த புதிதில், குழு வரத் தாமதமானதும் பயத்தில் நானே மணலைக் கொட்டி அணைத்துவிட்டேன். சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏங் கண்ணு, நீயே அணைச்சுப்போட்டா மானியத்த உம் பேருக்கே எழுதிரலாமா?"

அடக்கத்தன்று நல்லூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கூட்ல அடுப்பப் பத்தவெக்க ஒரு நாளும் வந்ததில்லீங்க. ஊரூராப் போயித் தீ வெச்சாரு" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது எங்கள் ஊர் விஷயம். என் மகள் போகும் அங்கன்வாடிக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு பனியன் வேஸ்ட் குடோன். கூரை வரை துணித்துண்டு. சார் இரண்டு முறை சோதித்தார். முதல் முறை பம்பு வந்தது, டீசல் இல்லை. அடுத்த முறை டீசல் இருந்தது, ஓஸ் பைப்பு இல்லை. அது எங்கள் ஊர்த் தலைவர் தோட்டத்தில் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாளே தலைவர் வந்தார். "சார்தான் இல்லீங்களே கண்ணு. நீ நம்மூர்ப் பொண்ணு. ஒரு கையெழுத்துத்தானே?"

"சார் பாக்காம போட்டதில்லீங்களே."

"அதான் பம்பு உம் ஊட்டு வழியாத்தானே போச்சு? பாத்திருப்பியே."

பார்த்தேன்தான், துருப்பிடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் தொட்டியும் பயிற்சியும் வரும். ஆனால் அந்தப் பம்பில் தண்ணீர் வருமா என்று அதன் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். போடாவிட்டால் எல்லாமே போகும். இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுத மாட்டேன் என்ற அவருடைய பிடிவாதம்தான் காதர் சாரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருக்கிறது. அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கன்வாடி பூட்டியிருக்கும்போது, குடோனுக்கு எட்டத்தில் ஏரிக்கரை மைதானத்தில் மட்டையைப் பற்றவைக்கப் போகிறேன். முருகேசண்ணன் வண்டி எடுக்கிறேன் என்றார். மணல் வாளியோடு நிற்க இரண்டு பேர் வேண்டும். குழு வருவதற்குள் நான் அணைக்க ஓடினால் என்னைப் பிடித்து நிறுத்த இன்னொருவர் வேண்டும். தலைவரிடம் யாரும் சொல்ல வேண்டாம். உங்களில் யார் வர முடியும் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.