தள்ளி நிற்கச் சொன்ன மதினி

போன வாரம் ஒரு மத்தியானம், கீழமாசி வீதியில் நான் வேலை பார்க்கும் மிளகாய் வத்தல் மண்டிக்கு எங்கள் ஊர் ஆனையூர்க்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். "அண்ணே, மனசைத் திடப்படுத்திக்கங்க. உங்க மதினி தவறிட்டாக" என்றார். அழுகைக்கு முன்னால் எனக்குக் கேள்விதான் வந்தது. "அந்த அறைக்குள்ள யாரு போனது?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இந்தப் புத்தியை எங்கள் குடும்பத்துக்கே ஏற்றிவிட்டுப் போனவர்தான் என் அண்ணன் மனைவி பேச்சியம்மாள்.

மதினி கல்யாணமாகி வந்தபோது அப்படி இல்லை. கலகலப்பானவர். இரண்டு வயதில் அவருடைய ஒரே மகனைக் கக்குவான் இருமல் கொண்டுபோன பிறகுதான் மாறினார். அதன்பின் வீட்டில் யார் தும்மினாலும் திரும்பிப் பார்ப்பார். பிள்ளைக்கு இருமலைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று அந்தப் பார்வை கேட்பதாகவே எங்களுக்குப் படும். ஆளாளுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. நானும் என் பங்குக்கு என் அம்மாவைச் சந்தேகித்தேன், அம்மா என்னைச் சந்தேகித்தார்.

மண்டியிலிருந்து நான் இருமிக்கொண்டே வந்தால் மதினி வாசலிலேயே மறித்துவிடுவார்.

"இது வத்தல் இருமலா, வேற இருமலா?"

"வத்தல் நெடிதான் மதினி."

"அப்பக் கெணத்தடியில குளிச்சு வேட்டிய மாத்துங்க. இருமல் நிக்கிதான்னு பாத்துட்டு உள்ள வாங்க."

இருமல் நிற்காத நாளில் எனக்கென்று தனித் தம்ளர், தனிப் பாய். மார்கழிப் பனியிலும் சன்னலை அடைக்க விடமாட்டார். இருமுகிறவர் துண்டால் வாயைப் பொத்தாவிட்டால் சம்பந்தி என்றும் பார்க்காமல் சொல்லிவிடுவார். பெரிய வீட்டுக்காரி போல நடக்கிறாள் என்று ஊர் பேசியது. சொந்தபந்தத்தை வெட்டிவிடப் பார்க்கிறாரோ என்று எனக்கும் ஐயம் உண்டு.

அந்த ஐயம் முற்றியது என் மகள் வள்ளி பிறந்தபோது. எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் நாக்கில் ஒரு பெரியவர் சீனித் தண்ணீரைத் தொட்டு வைப்பார். சேனை வைப்பது என்போம். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. ஊரே மதிக்கும் எங்கள் பெரிய மாமாவை அழைத்திருந்தோம். வந்தவர் திரும்பி நின்று துண்டுக்குள் இரண்டு தரம் இருமினார். விரலைக் கிண்ணத்தில் விடப்போகும்போது மதினி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டார்.

"மாமா, கோவிச்சுக்கிராதீக. ஒங்க குணம் வரட்டும். கூடவே இருமலும் வந்துருமே. சொகமானதும் வந்து வைங்க."

"பிள்ளையப் பறிகொடுத்தவ பேச்சைக் கேட்டா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மாமா இறங்கிப் போனார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மதினி மட்டும் கிண்ணத்தை இடுப்போடு அணைத்தபடி தொட்டிலுக்குக் குறுக்கே நின்றார்.

மாமாவுக்குச் சில நாளில் குணமாகிவிட்டது. ஆனால் அந்தப் பருவத்தில் அவர் தெருவில் பல குழந்தைகள் கக்குவானில் கிடந்து பட்ட பாட்டை ஊரறியும். வள்ளிக்கு ஒன்றும் வரவில்லை. மதினியின் காவலா, எங்கள் நல்ல நேரமா, எனக்கு இன்றும் தெரியாது. மாமா வீட்டுப் போக்குவரத்து மட்டும் அதோடு நின்றது.

வள்ளி மதினியிடமே வளர்ந்தாள். இந்தத் தை மாதம் மதினிக்கே சளிக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் இறங்கியது. தானாகவே பின்கட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். கஞ்சியை வாசலில் வைக்க வேண்டும், அண்ணன் ஒருவர்தான் வாயில் துணி கட்டி உள்ளே வரலாம் என்று உத்தரவு. வள்ளி சன்னலுக்கு வெளியே நின்று, "பெரியம்மா, ஒரே ஒரு தடவ உள்ள வாரேன்" என்று அழுதாள். "தள்ளி நில்லுத்தா" என்பதுதான் பதில்.

மதினி இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், வள்ளி அழுதுவிட்டு நகர்ந்த பிறகு, நான் சன்னலருகே போனேன். இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"மதினி, எங்கள்ல யாரத்தான் நீங்க சந்தேகப்பட்டீக?"

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "ஒங்க யாரையும் இல்ல தம்பி. அப்ப மொதல்ல இருமுனது நான். சாதாரண இருமல்தானேன்னு இருந்துட்டேன். சுடுசோத்த ஊதி ஊதி அவனுக்கு ஊட்டிவிட்டது இந்த வாயிதான்."

உண்மையில் அவரிடமிருந்துதான் ஒட்டியதா என்பதை எந்த வைத்தியரும் இனிச் சொல்ல முடியாது. அதையாவது சொல்லியிருக்கலாம், சொல்லாமல் வந்துவிட்டேன்.

மதினியை முற்றத்தில் கிடத்தியிருந்தபோது வள்ளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். குனிந்து பெரியம்மாவின் முகத்தோடு முகம் வைத்தாள். அவளைத் தள்ளி நிற்கச் சொல்ல ஆள் இல்லை. நானும் சொல்லவில்லை.

போய் வாருங்கள் மதினி. அங்கே உங்கள் மகன் இருப்பான். அவனுக்குப் பயப்படாமல் ஊதி ஊட்டுங்கள்.