ஓட்டுநர் பக்கக் கதவு

திகன ஊர் ஹாஜியார் இறந்துவிட்டார். அவரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது பச்சைப் பெயின்ட்தான். கார் கறுப்பு. ஓட்டுநர் பக்கக் கதவின் உறையைக் கழற்றியபோது உள்ளே பச்சை தெரிந்தது.

பழைய இங்கிலீஷ் கார்களில் எது தொழிற்சாலையிலிருந்து வந்த பாகம், எது பிறகு ஏறியது என்று பார்த்து எழுதிக்கொடுப்பது கண்டியில் என் பிழைப்பு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வந்திறங்கிய அந்தக் கார்களுக்குப் பிற்காலத்தில் உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. ஒன்று உடைந்தால் செத்த இன்னொரு காரிலிருந்துதான் எடுத்தார்கள். அதை ஒப்புக்கொள்பவர்கள் குறைவு. ஆகவே சொந்தக்காரர் பேச்சை நான் காதில் வாங்குவதில்லை. திருகாணித் தலையையும், கண்ணாடி மூலையிலுள்ள முத்திரையையும், இரும்பில் பொறித்த எண்ணையும்தான் விசாரிப்பேன்.

ஹாஜியாருக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. அவருடைய வாப்பா வாங்கிய காரைப் பேரப்பிள்ளைகள் பழைய கார் ஊர்வலத்தில் விட ஆசைப்பட்டார்கள். முழுக்க அசல் என்று என் கையெழுத்து வேண்டுமாம். பச்சையைக் கண்டதும் ஹாஜியார் பேரப்பிள்ளைகளைத் தேத்தண்ணி வாங்க அனுப்பினார்.

"அந்தக் கதவ மட்டும் பாக்காம உடுங்களே தம்பி."

"அதுக்கு நீங்க வேற ஆளத்தான் பாக்கணும் ஹாஜியார்."

கொஞ்சம் இளக்காரமாகவே சொன்னேன். பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். வாப்பா ஹஜ்ஜுக்குப் போயிருந்த நேரம் இவர் கேட்காமல் காரை எடுத்து, தெல்தோட்டை வளைவில் மதகில் மோதியிருக்கிறார். கராஜில் பழுதுபார்க்கும் பாஸ் ஒருவர் நசுங்கிய கதவை எடுத்துக்கொண்டு, வேறொரு காரின் கதவை மாட்டிக் கறுப்படித்துக் கொடுத்திருக்கிறார்.

"அந்தக் கதவுல சாவி மட்டும் சுத்தல்ல. வாப்பா வந்தாப் புடிபடுவன் எண்டு நடுங்கினன். அவரு ஒண்டுமே கேக்கல்ல. மவுத்தாகும் வரைக்கும் அவருக்குத் தெரியாது. அதுக்குப் பொறவு அந்தப் பூட்டுல நான் சாவி போட்டதே இல்ல. வாப்பாவ ஏமாத்தினவன் எண்டு இப்ப பேரப்புள்ளைகளும் அறியணுமா?"

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் பூட்டைக் கழற்றினேன். அந்த ரகக் கார்களில் எஞ்சினுக்கும் கதவுக்கும் ஒரே சாவி. இரண்டு இடத்திலும் ஒரே எண் பொறித்திருக்கும். கதவு வேறு காருடையது. பூட்டின் எண்ணோ இந்தக் காரின் சாவி எண். சாவியைப் போட்டேன், சுழன்றது.

"பூட்ட யாரு மாத்தினது?"

"நான் மாத்தல்ல. அது பழைய கதவோட பாஸ்கிட்டயே போச்சே."

"அப்ப உங்க வாப்பாதான் பாஸ்கிட்டப் போய் வாங்கி மாட்டியிருக்கணும்."

ஹாஜியார் மட்கார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு மாற்று, பூட்டு அசல் என்றுதான் எழுதுவேன் என்றேன்.

"எழுதுங்க. புள்ளைகளுக்கு நானே சொல்றன்," என்றார். சாவியைத் தானே ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"வீட்டுக்கு வாற எல்லார்கிட்டயும் வாப்பா, 'கம்பெனியால வந்த மாதிரியே இரிக்கு' எண்டு சொல்லுவாரு. சொல்லக்குள்ள என்னத்தான் பாப்பாரு. பெருமையில பாக்குறாரு எண்டு நெனச்சிட்டன் தம்பி."