என் வேனை இன்னொருவர் ஓட்டத் தொடங்கிய வருடம்

இரண்டாவது வேன் கிள்ளான் பாலத்தில் நின்றுபோன மதியம், நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் முதல் வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். வேன் நிறையப் பள்ளிப் பிள்ளைகள். ஒருத்தி தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்துவிட்டாள். இன்னொருவன் தன் காலணி நனைந்துவிட்டதென்று அழுதுகொண்டிருந்தான். அப்போதுதான் போன் வந்தது. இரண்டாவது வேனை ஓட்டுபவர் முன்பு லோரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன். எதற்கும் பதறாதவர்.

"தங்கச்சி, வண்டி செத்துப்போச்சு. பாலத்து மேல நிக்கிறேன். பின்னால எல்லாரும் ஹாரன் அடிக்கிறானுங்க."

"இழுத்துட்டுப் போற டோ வண்டிக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். வண்டிய நான் பாத்துக்குவேன் லா. ஸ்கூல் விட்டிருப்பாங்களே, பிள்ளைங்களுக்கு என்ன பண்றது?"

மூன்று வேன்களுக்கு முதலாளி நான்தான். ஆனால் அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்ததெல்லாம் என் வேனில் இருந்தவர்களை வீடு வீடாக இறக்கிவிடுவதுதான். சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம் யாராவது ஒரு அம்மாவுக்கு, அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். எல்லாரையும் இறக்கிவிட்டு அந்தப் பள்ளிக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. வாசலோரக் கொட்டகையில் பிள்ளைகள் பைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் மட்டும் எழுந்து வந்து, "ஆன்டி, எங்கள மறந்துட்டீங்களா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அன்று மாலை வேலை முடிந்து வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். முடித்ததும், "நீ முதல்ல ஸ்டேரிங்க விட்டு இறங்கு" என்றார்.

"இறங்கிட்டு?"

"நான் மேல உக்காந்து பெட்டியத் தூக்கறேன். கீழ என்ன நடக்குதுன்னு பார்க்க இன்னொருத்தன் நிக்கிறான். ரெண்டும் நானே பண்ணா யாராச்சும் செத்துடுவாங்க. உனக்குக் கீழ நிக்க ஆளே இல்ல."

எனக்கு அது பிடிக்கவில்லை. என் சின்ன மகள் பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது, பழைய வேன் ஒன்றை வாங்கி அவளோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிப்போகத் தொடங்கினேன். அது ஒரு வழித்தடமாகி, பிறகு இரண்டாகி, மூன்றானது. மகள் கல்லூரிக்கே போய்விட்டாள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் இன்னமும் "வேன் ஓட்டறேன்" என்றுதான் சொல்வேன். வேன் நிறுவனம் நடத்துகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஓட்டுவது எனக்கு வேலையாகவே தெரியவில்லை. பெர்மிட் புதுப்பிப்பது, வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோவது, டயர், காப்புறுதி, பெற்றோரின் போன், இவைதான் வேலை. அவற்றை ஓட்டத்துக்கு நடுவே கிடைத்த இடைவெளிகளில் திணித்து வைத்திருந்தேன். பாலத்தில் நின்ற வண்டியின் சர்வீஸும் அப்படித் தள்ளிப்போனதுதான்.

விசாரித்ததில் ஒரு பெண் கிடைத்தார். என்னைவிட மூத்தவர். ஷா ஆலாம் நகரத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பல வருடங்களாக ஆட்களை ஏற்றிப்போனவர். தொழிற்சாலை வேன்களை நிறுத்திவிட்டதால் வீட்டில் இருந்தார். லைசென்ஸ் எல்லாம் சரியாக வைத்திருந்தார். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை "பாஸ்" என்றார். முதலில் அதைக் கேலி என்று நினைத்தேன். அவர் எல்லா முதலாளிகளையும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்.

முதல் வாரம் முழுக்க அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழி காட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வாய் நிற்கவில்லை. இங்கே மெதுவாக, அந்த வீட்டு நாய் குறுக்கே ஓடும். இந்தத் திருப்பத்தில் இடப்பக்கம் ஒட்டிப் போங்கள். ஹாரன் ஒரு தடவை போதும், மாடியில் கைக்குழந்தை தூங்குகிறது. அவர் எல்லாவற்றுக்கும் "சரி பாஸ்" என்றார். வெள்ளிக்கிழமை, கடைசிப் பிள்ளையும் பள்ளிக்குள் போனபிறகு, எஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கிழமை நீங்க வரவேணாம் பாஸ்."

"ஏன் அக்கா, நான் ரொம்ப பேசறேனா?"

"பேசறீங்கதான். அதுக்கில்ல. நான் உக்காருன்னு சொன்னா பிள்ளைங்க உங்க மூஞ்சியப் பார்க்குதுங்க, உக்காரணுமா வேணாமான்னு. அப்புறம் நான் எப்படி ஓட்டறது?"

திங்கட்கிழமை நான் வீட்டில் இருந்தேன். வழக்கமான நேரத்துக்கே விழிப்பு வந்துவிட்டது. காப்பி குடித்தேன். காரைக் கழுவினேன். வெளிச்சம் வருவதற்குள் போன் அடிக்கத் தொடங்கியது. "ஆன்டி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் ஒரு அம்மா. "யாரோ ஓட்டறாங்க, நீங்க எங்க?" என்றார் ஒரு அப்பா. முந்தின வாரமே எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருந்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். இனி அவங்கதான் ஓட்டுவாங்க, நான் ஆபீஸ் வேலையைப் பார்க்கிறேன். ஆபீஸ் என்றது எங்கள் சாப்பாட்டு மேசையை.

மூன்றாவது வாரம் அக்கா பிள்ளைகளை ஏற்றும் வரிசையை மாற்றினார். என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் சொல்லியிருக்கவில்லை. அவர் மாற்றிய முதல் நாளே ஒரு மருத்துவமனைத் தாதியிடமிருந்து போன். அவர் மகன் எப்போதும் முதலில் ஏறுகிறவன். அவர் மருத்துவமனைக்குக் கிளம்பும் நேரமும் வேன் வரும் நேரமும் ஒன்றாக இருக்கும். அன்றும் வேன் இதோ வந்துவிடும் என்று நம்பி, மகனைக் கேட்டில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். வேன் வரவில்லை. பையன் இருட்டில் தனியாக நின்றிருக்கிறான். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா பார்த்து தாதிக்குப் போன் செய்திருக்கிறார்.

நான் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பையன் எதிர்வீட்டு வாசல் நாற்காலியில் பிஸ்கட் தின்றுகொண்டு சமாதானமாக இருந்தான். சமாதானமாக இல்லாதது போனில் இருந்த அவன் அம்மாதான்.

"உங்கள நம்பித்தான் ஆன்டி விட்டேன். யாரோ ஒருத்தர நம்பி இல்ல. நாளைக்கு நீங்களே வாங்க. இல்லைன்னா நான் வேற வேன் பாத்துக்கறேன்."

போனைக் காதில் வைத்தபடி அந்த வீட்டு வாசலில் நின்றேன். வருகிறேன் என்று சொல்வதுதான் சுலபம். சொல்லியிருந்தால் மறுநாள் இன்னொரு வீடு கேட்டிருக்கும், அதற்கும் சரி என்றிருப்பேன்.

"தப்பு எங்களோடதுதான். நாளையிலிருந்து உங்க வீடுதான் மறுபடியும் முதல்ல. ஆனா வர்றது அவங்கதான், நான் வரமாட்டேன்" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். பையனை நானே காரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டேன்.

அன்று காலை ஓட்டம் முடிந்ததும் அக்காவைச் சாப்பிட வரச்சொன்னேன். லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். எனக்குக் கோபம் இருந்தது. அவருக்கும் இருந்தது.

"அந்தப் பையன் வீட்டு விஷயம் எனக்கு எப்படித் தெரியும் பாஸ்? நாய், திருப்பம், ஹாரன் எல்லாம் சொன்னீங்க. அதச் சொல்லல."

உண்மைதான், சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்த விஷயம் என்பதே அதுவரை எனக்குத் தோன்றவில்லை. அப்படியே ஒவ்வொரு வீடாகச் சொல்லத் தொடங்கினேன். இந்த வீட்டில் தாத்தா வந்துதான் ஏற்றுவார், அவருக்கு வேகமாக நடக்க முடியாது. அந்த வீட்டில் அப்பா, அம்மா பிரிந்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை மட்டும் வேறு முகவரி. அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டு கேட்டார். தாமான் குடியிருப்பின் பின்பக்கச் சாலைக்கு வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இங்க எதுக்கு சுத்திப் போறீங்க? அந்த ரோட்டுல நம்ம பிள்ளை யாருமே இல்லையே."

"நேரா போற ரோட்டு மேடு பள்ளத்துல ஒரு பையன் வாந்தி எடுப்பான். அதுக்காகத்தான் பின்னால சுத்தி..."

"எந்தப் பையன்?"

யோசித்தேன். அந்தப் பையன் ஆறாம் ஆண்டு முடித்துப் போய்விட்டான். இப்போது அவனுக்கு மீசை வந்திருக்கும். அவனுக்காக நான் இன்னும் தினமும் அந்தச் சுற்றுச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சட்னி சிந்தும்வரை சிரித்தார். எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

அன்று மேசையிலேயே வரிசையைப் புதிதாகப் போட்டோம். தாதியின் வீடு முதலில் என்பது மட்டும் என் நிபந்தனை. மற்றதை அவர் முடிவு செய்தார். சுற்று வழியை விட்டதால் கடைசியில் ஏறும் பிள்ளைகளுக்குத் தூங்கக் கூடுதல் நேரம் கிடைத்தது. அதற்காக யாரும் எனக்குப் போன் செய்து நன்றி சொல்லவில்லை.

அதன்பிறகு இரண்டாவது வேன் பாதி வழியில் நிற்கவில்லை. காலையில் ஒவ்வொரு வண்டியாகப் பட்டறைக்குக் கொண்டுபோக எனக்கு நேரம் இருந்தது. மூன்றாவது வேன் ஒருநாள் டயர் வெடித்து நின்றபோது, நான் காரில் போய்ப் பிள்ளைகளை இரண்டு தடவையாக ஏற்றிப்போனேன். கணவர் சொன்னபடி கீழே நிற்க ஓர் ஆள் இருந்தது, அவ்வளவுதான். போனும் மெல்லமெல்லக் குறைந்தது. பெற்றோர் அக்காவிடமே பேசத் தொடங்கிவிட்டார்கள். தாதிக்கு வேலை நேரம் மாறியதும், அவர் மகன் மதியத்தில் பாட்டி வீட்டில் இறங்குவதும் எனக்கு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அந்த அம்மா என்னை மறுபடி அழைக்கவேயில்லை. மகனையும் எங்கள் வேனிலிருந்து எடுக்கவில்லை.

நான் விரும்பியது இதைத்தான். ஆனாலும் சில காலைகளில் போனை எடுத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்திருக்கிறேன்.

வருடக் கடைசியில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. அன்று நானே ஓட்டினேன். இருக்கை பின்னால் தள்ளியிருந்தது, கண்ணாடிகளின் கோணம் மாறியிருந்தது. எனக்குத் தெரியாத புதுப் பிள்ளைகள் சிலர் ஏறினார்கள். அக்கா வந்து வருடமே ஆகப்போகிறது, இன்னமும் பிள்ளைகள் அவரைப் "புது ஆன்டி" என்றுதான் கூப்பிட்டார்கள். தாமான் முனையில் பழைய பழக்கத்தில் திரும்பியதும் பின்னாலிருந்து ஒரு சிறுமி கத்தினாள்.

"ஆன்டி, தப்பு தப்பு! இந்தப் பக்கம் இல்ல!"

"இல்லம்மா, இதுதான் வழி."

"புது ஆன்டி இப்படிப் போகமாட்டாங்க!"

வேன் முழுக்க அவளுக்கு ஆதரவு. தாதியின் மகன் முன்னால் நகர்ந்து வந்து, எந்தச் சந்தில் நுழைய வேண்டும் என்று பெரிய மனிதன்போல் கையைக் காட்டினான். நுழைந்தேன். ஒரு கடைவரிசையின் பின்பக்கம் அது. காய்கறி இறக்கும் லோரி ஒன்று நின்றது. எங்களைப் பார்த்ததும் லோரிக்காரர் பழக்கமாகக் கையைத் தூக்கி, லோரியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டார். பிறகுதான் ஓட்டுவது வேறு ஆள் என்று கவனித்தார்.

பள்ளி வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாவும் புதியவர். நிறுத்தும் இடம் தெரியாமல் நான் தயங்கியதைப் பார்த்துக் கண்ணாடியைத் தட்டினார்.

"பாரு கா?" என்றார். மலாயில் புதுசா என்று கேட்டார்.

"காய்ச்சல், அக்கா லீவு" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். மரத்தடியைக் காட்டினார். அங்கே நிறுத்தினேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தாதியின் மகன் கடைசியில் இறங்கி, கதவை இழுத்துச் சாத்தப் போனவன் தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

"நாளைக்கு புது ஆன்டி வந்துடுவாங்களா?"

"வந்துடுவாங்க" என்றேன்.

"சரி" என்று கதவைச் சாத்திவிட்டு ஓடினான்.