முடி மூட்டையோடு எடை மேடை ஏறினேன்

பொன்னியம்மனை நம்பும் எல்லோருக்கும் வணக்கம். நான் உத்திரமேரூர் பக்கம், சாலவாக்கத்தை அடுத்த கிராமம். தொழில் குத்துச்சண்டை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன். அதனால் அம்மனிடம்கூடக் கிராம் கணக்கில்தான் வேண்டுவேன்.

சின்ன எடைப் பிரிவில் ஆரம்பித்தேன். ஜெயித்தேன். ஆடி மாதக் கூழும் கருவாட்டுக் குழம்பும் என்னை அடுத்த பிரிவுக்கு ஏற்றின. அங்கேயும் சமாளித்தேன். மறு ஆடியில் அதற்கும் மேலே போய்விட்டேன். அங்கே எதிரில் நின்றவர்கள் ஒவ்வொருவரும் கோயில் கதவு மாதிரி இருந்தார்கள். வரிசையாக உதை வாங்கினேன்.

"நடுப் பிரிவுக்கு எறங்கு. எடை வரலன்னா, கிளவுச வெச்சிட்டு நெல்லு அறுக்கப் போ" என்றார் மாஸ்டர்.

கூழை விட்டேன். ஜெயித்தால் முடி காணிக்கை என்று வேண்டித் தலையும் தாடியும் வளர்த்தேன்.

சென்னையில் எடை பார்த்தார்கள். ஓடி, வியர்த்து, உடுப்பெல்லாம் கழற்றித் துண்டு மறைவில் நின்றும் எடை கொஞ்சம் கூடுதல். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். குறைக்க முடி மட்டும்தான் மிச்சம். அதுவோ அம்மனுடையது. "தாயே, நூறு கிராம்தானே!" என்று அழுதேன். வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அவளுக்குன்னு வளத்தது. மின்னாடியே எடுத்துக்கினா இன்னா? ஆனா ஒரு முடி தரையில வியக்கூடாது. மஞ்சத் துணில கட்டிக் கைலயே வெச்சிக்க" என்றார் அம்மா.

மொட்டை அடித்து, மூட்டையோடு மேடை ஏறினேன். எடை அப்படியே நின்றது.

"டேய், அறிவு கீதா? மூட்டைய எறக்குடா!"

"கீய வெக்கக்கூடாது மாஸ்டர். நீங்க புடிங்க."

"காலைல ஆட்டுக்கால் துன்னேன்டா. தொட மாட்டேன்."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. என்னோடு மோத வேண்டிய காசிமேட்டுக்காரர் எடை கொடுத்து முடித்து, அப்போதுதான் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். பழத்தை வைத்துவிட்டுக் கை கழுவி வந்தார்.

"குடு தலைவா. ரெண்டு நாளா பச்சத் தண்ணி பல்லுல படல. என்னவிட சுத்தமா இங்க எவன் கீறான்?"

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் எடை சரியாக வந்தது.

மறுநாள் அதே கைகள் என் மூக்கை வீங்க வைத்தன. ஆனாலும் புள்ளிக் கணக்கில் ஜெயித்தேன். காணிக்கை செலுத்த அவரையும் கூட்டிப்போனேன். இன்றுவரை நடுப் பிரிவில்தான் இருக்கிறேன்.

நீங்களும் தாயிடம் கேளுங்கள். எந்தப் பக்கமிருந்து உதவி அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லித் தராதீர்கள். எனக்கு எதிர் மூலையிலிருந்து அனுப்பினாள்.