தோரோங் கணவாயில் நான் மட்டும்

1992 நவம்பர், பள்ளி விடுமுறை தொடங்கிய மறுநாள் காலை ஆறரை மணிக்கு பிரிக்பீல்ட்ஸிலிருந்து சுபாங் விமான நிலையத்துக்கு டாக்சி பிடித்தோம். ஓட்டுநர் எங்கள் முதுகுப்பைகளை இரண்டு முறை பார்த்துவிட்டு, "எங்க ஆன்டி, கேமரன் மலைக்கா?" என்றார்.

"நேப்பாளம். மலையேறப் போறோம்."

"இந்த வயசுலயா லா?"

எனக்கு அப்போது நாற்பத்தொன்று. சுபாங் போய்ச் சேரும்வரை அந்த ஆளிடம் நான் பேசவில்லை.

ஆசை என்னுடையது இல்லை, என் கணவர் தனபாலனுடையது. ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர். யாரோ கொடுத்த காலண்டரில் அன்னபூர்ணா மலைத்தொடரைப் பார்த்துவிட்டு, வருடம் முடிந்தும் அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. அங்குள்ள தோரோங் கணவாயை, 5,416 மீட்டர் உயரம், கால்நடையாகக் கடக்கவேண்டும் என்று மூன்று வருடம் விடுப்பைச் சேர்த்து வைத்தார். கிள்ளான் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வரும் எனக்கு விடுமுறை என்றால் தூக்கம். இருந்தாலும் மனுசன் வேறு எதையும் கேட்டதில்லையே என்று, "சரி, வந்து தொலைக்கிறேன்" என்றேன். பயிற்சிக்கு ஆறு மாதம், ஞாயிறுதோறும் பையில் ஐந்து கிலோ அரிசியை வைத்துக்கொண்டு பத்துமலையின் 272 படிகளை நாலு தடவை ஏறி இறங்கினோம். ஓர் அம்மா என்னை நிறுத்தி, "என்னம்மா வேண்டுதல்?" என்று கேட்டார். "பின்னால வர்றவரைக் கேளுங்க" என்றேன்.

சென்னை வரைதான் விமானம். பிறகு எல்லாம் தரைவழி. இரண்டு இரவு ரயிலில் கோரக்பூர், பேருந்தில் சுனௌலி எல்லை, இன்னொரு பேருந்தில் டும்ரே. டும்ரேயிலிருந்து பெசிசஹார் 42 கிலோமீட்டர்தான். லோரியின் பின்னால் வெங்காய மூட்டைகள்மேல் உட்கார்ந்து ஐந்து மணி நேரம் போனோம், ஆளுக்கு அறுபது ரூபாய். அங்கே எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் பிரேம். ஐம்பது வயது, கூர்க்கா படையில் இருந்தபோது மலாயாவில் நாலு வருடம் கழித்தவர். ஆகவே இமயமலையில் நாங்கள் மூவரும் மலாயில் பேசிக்கொண்டோம். ஏற்றம் வந்தால் "பெலான், பெலான்" என்பார், மெதுவாக, மெதுவாக என்று.

முதல் நாலு நாள் நெல்வயல்களும் தொங்குபாலங்களும். பிறகு பைன் மரங்கள். மானாங் ஊரை (3,540 மீட்டர்) தாண்டியதும் மரமே இல்லை, கல்லும் காற்றும்தான். என் கணவர் ஒவ்வொரு மாலையும் அன்று ஏறிய உயரத்தைக் குறிப்பேட்டில் எழுதி எனக்கு வாசித்துக் காட்டுவார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

பத்தாம் நாள் மாலை மூன்று மணிக்குக் கணவாயின் அடிவாரமான தோரோங் பேடியை அடைந்தோம். ஒரே ஒரு விடுதி. படுக்கை இருபது ரூபாய், பருப்புச் சோறு நாற்பத்தைந்து. சப்பாத்துக் காலணிகளை உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று விடுதிக்காரப் பெண் பிரேம் மூலமாகச் சொன்னாள். என் கணவர் குனிந்து எடுக்கப்போனார்.

"படுக்கிற இடத்துலயா சப்பாத்து? வெளியவே இருக்கட்டும்" என்றேன்.

கல்யாணமாகிப் பதினாறு வருடம். மறுபேச்சு இல்லாமல் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

விடிவதற்குமுன் கிளம்ப எழுந்தால், அவருடைய இடது சப்பாத்தைக் காணோம். பிரேம் தரையைப் பார்த்துவிட்டு, நாய் தூக்கிப் போயிருக்கிறது என்றார். ஆறு மணிவரை பாறை இடுக்கெல்லாம் தேடினோம். அவர் கால் பத்தாம் நம்பர், விடுதியில் யாருடைய சப்பாத்தும் நுழையவில்லை. மிச்சம் இருந்தது ரப்பர் சிலிப்பர். அதோடு பனியில் ஏறினால் கால்விரல் போய்விடும் என்று பிரேம் சொல்லிவிட்டார். மானாங்குக்கு இறங்கி, வேறு வாங்கி, மறுபடி ஏற நாலு நாளாகும். திரும்பும் பயணச்சீட்டு அதற்கு இடம் தரவில்லை.

"என்னைத் திட்டுங்க" என்றேன்.

"திட்டினா சப்பாத்து வந்துருமா?" கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். "வானம் சுத்தமா இருக்கு. நீ பிரேமோட போ."

"இது உங்க மலைங்க. நான் போய் என்ன செய்ய?"

"ஒருத்தராவது பார்க்கணும் லா. பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

அவர் வந்த வழியே இறங்குவது, நான் கடந்து மறுபக்கம் இறங்குவது, போக்ரா தபால் நிலைய வாசலில் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குக் காத்திருப்பது என்று பேசிக்கொண்டோம். எனக்குக் கேமரா இயக்கத் தெரியாது, அது அவரிடமே இருந்தது. இரண்டு காலுறைக்குமேல் சிலிப்பரை மாட்டிக்கொண்டு நின்று கையசைத்தார். முதல் வளைவுவரை அழுதேன். அதற்குமேல் அழ மூச்சு இல்லை.

பத்தடி நடப்பது, நிற்பது. பதினொன்றேகாலுக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். கற்குவியல், அதில் கட்டிய கொடித்துணிகள், இருபக்கமும் வெள்ளைச் சிகரங்கள், மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்பு மண். ஒரு மேகம்கூட இல்லை. பிரேம் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

அந்த அரை மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அவர் இருந்திருந்தால் குளிருதா, தண்ணி குடிச்சியா, உயரம் எவ்வளவு தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார், நானும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். அன்று யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. இவர் இல்லையே என்ற நினைப்பே வரவில்லை. எழுந்து பையை மாட்டும்போதுதான் வந்தது.

முக்திநாத், ஜோம்சோம், தாதோபானி வழியாக இறங்கி எட்டாம் நாள் போக்ரா. தபால் நிலைய வாசலில் மூக்குத் தோலுரிந்து நின்றுகொண்டிருந்தார். காலில் எங்கேயோ வாங்கிய கேன்வாஸ் சப்பாத்து, விரல் பக்கம் கத்தியால் வெட்டி விட்டிருந்தது. மூன்று நாளாக வந்து நிற்கிறாராம். என் பையைக்கூட வாங்கவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

அந்த முகத்தைப் பார்த்தேன். "ஒரே மூட்டம். பத்தடிக்கு மேல ஒண்ணும் தெரியல. நீங்க வராததே நல்லதுங்க."

"அப்படியா? கீழ நல்லா வெளிச்சமா இருந்துச்சே" என்றார். தமிழ் தெரியாத பிரேம் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் மழை ஓய்ந்த மாலைகளில் எங்கள் வீட்டு மாடிப்படியிலிருந்து தித்திவாங்சா மலைத்தொடர் நீலமாகத் தெரியும். இமயத்தைப் பார்த்த கண்ணுக்கு அது மேட்டு நிலம்தான். ஆனாலும் அது தெரிகிற நாளெல்லாம் சமையலறைக்கு வந்து என்னைக் கூப்பிடுவார். "வா, வந்து பாரு. பாவம், அவ்வளவு தூரம் ஏறியும் உனக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சே" என்பார். நானும் கையைத் துடைத்துக்கொண்டு போய் நிற்பேன்.

அவருக்காகத்தான் பொய் சொன்னேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. மலை எப்படி இருந்தது என்று சொன்னால், நான் எப்படி இருந்தேன் என்றும் சொல்லவேண்டி வரும். அதற்குப் பயந்தேன்.

நான் எழுதுவதையெல்லாம் முதலில் வாசித்து எழுத்துப்பிழை பார்ப்பவர் அவர்தான். கட்டுரை முடிந்ததா என்று முன்னறையிலிருந்து இரண்டு தரம் கேட்டுவிட்டார். இதோ, எடுத்துக்கொண்டு போகிறேன்.