பனைகளை எழுதிவைத்தவர்

அவரை எனக்குப் பிடிக்காது. நெடுநெடுவென்று உயரம், காதோரம் நரை. பேசும்போதும் பக்கத்திலிருக்கும் பனையை விரலால் தட்டிக்கொண்டேயிருப்பார். தாம் படித்த பள்ளிக்கூடத்துக்குத் தம் பனைகளையெல்லாம் உயில் எழுதிவைத்திருந்தார். அவர் செத்த பிறகுதான் கிடைக்கும். நான் அங்கே வாத்தியார்.

அந்த ஆடி மழையில் வகுப்பறை உத்திரம் விரிசல் விட்டது. கீழே பிள்ளைகள். அவர் தோப்புக்கு ஓடினேன்.

"ஒரு மரத்த இப்பவே குடுங்க."

"முடியாதுங்க வாத்தியாரே. நானே உயில மீறி ஒண்ண வெட்டுனா, மிச்சத்த எம் பசங்க வெட்டி வித்துருவானுங்க. உயிலுக்குப் பயந்துதான் கோடாலியக் கீழ வெச்சிருக்கானுங்க."

"உத்திரம் புள்ளைங்க தலையில உழுந்தா உங்க உயிலையா எடுத்துப் போத்தறது?" என்று கத்தினேன்.

தட்டுவதை நிறுத்தினார்.

மறுநாள் காலை மாட்டுவண்டியில் ஒரு தூணோடு வந்தார். புகையேறிக் கறுத்த பழைய தூண். அதை உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தி, விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஏதுங்க இது?"

"எங்கூட்டு அடுப்படித் தூணுங்க. இது உயில்ல இல்லீங்க."

வெளியே மழை வலுத்தது. அவர் வீட்டுக் கூரை இப்போது எதில் நிற்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு செய்தவருக்கு ஒரு பனையை வெட்ட மனம் வரவில்லையே என்ற கோபமும் இன்னும் ஆறவில்லை.