அண்ணன் பறித்த விசில்

போன வருடப் பள்ளி விடுமுறையில், பிரிஞ்சாங் என்ற மலையூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத் திடலில் நடந்தது இது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கால்பந்து இறுதி ஆட்டம். எங்கள் தோட்டமும் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவின் அணியும் மோதின. என் மகனும் அண்ணன் மகனும் எங்கள் அணியில் இருந்தார்கள்.

நடுவராக நின்றவள் எங்கள் தோட்டத்துப் பெண்தான். கல்லூரி மாணவி, முறையாக நடுவர் பயிற்சி பெற்றவள். லீவுக்கு வீடு வந்தவள், நம்ம பிள்ளைங்கதானே என்று ஒப்புக்கொண்டாள்.

முதல் விசிலிலிருந்தே கோட்டோரம் நின்ற அப்பாக்களின் வாய் ஓயவில்லை. "கண்ணு தெரியலையா?", "வீட்டுக்குப் போய் சமைலா!" என்று ஒரே கூச்சல். அம்மாக்கள் சிலர் அதற்குச் சிரிக்கவும் செய்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்டம் முடியும் நேரம். ஆளுக்கொரு கோல். எங்கள் கோல் கம்பத்தை நெருங்கிய எதிரணிப் பையனை, அண்ணன் மகன் பின்னாலிருந்து காலைத் தட்டி விழவைத்தான். எல்லோரும்தான் பார்த்தோம். அவள் பெனால்டி கொடுத்தாள்.

அண்ணன் திடலுக்குள் ஓடினார். "யாருகிட்ட காசு வாங்குன?" என்று கத்திக்கொண்டே, அவள் கழுத்திலிருந்த விசிலைப் பிடித்து இழுத்தார். கயிறு அறுந்தது. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அத்தனை பெரியவர்கள் நின்றோம், ஒருவரும் அசையவில்லை.

அவள் ஒரு கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும், "அங்கிள், வெளிய போங்க. நீங்க போனாதான் ஆட்டம் நடக்கும்" என்றாள்.

நான் உள்ளே ஓடினேன். "அண்ணே, விசில குடு."

"நீ சும்மா இரு. நம்ம புள்ளைங்களுக்காகத்தான் பேசுறேன்!"

"நம்ம புள்ளைங்களுக்கா? உன் மகனைப் பாருண்ணே!"

அவன் ஜெர்சியை முகத்துக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அண்ணன் அவனைப் பார்த்தார். பார்த்தும் விசிலைப் புல்லில் வீசினாரே தவிர, வெளியே போகவில்லை. ஆட்டம் நிறுத்தப்பட்டு, கோப்பை கம்போங் ராஜாவுக்குப் போனது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க ஏன்க்கா கேக்குறீங்க? அவருல்ல கேக்கணும்" என்றாள்.

அண்ணன் இன்றுவரை கேட்கவில்லை. சொந்தக்காரர்களோ, ஊர் முன்னால் அண்ணனை அவமானப்படுத்திவிட்டேன் என்று என்னைத்தான் ஏசினார்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்தது அவர்களுக்கு அவமானமாகத் தெரியவில்லை!

இந்த வருடம் அவள் வர மறுத்துவிட்டாள். வெளியில் கேட்டுப் பார்த்த நடுவர்களும், அந்தத் தோட்டமா, வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். போட்டியே இல்லை. ஏன் என்று கேட்ட மகனிடம் நான் எதையும் பூசி மெழுகவில்லை. உங்கள் அப்பாக்கள், மாமாக்களின் வாயும் கையும்தான் காரணம், வேடிக்கை பார்த்த நாங்களும்தான் என்று சொன்னேன்.

பிள்ளைகள் இல்லாமல் வெறிச்சோடிக் கிடக்கும் அந்தத் திடலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது; அந்த எரிச்சல் ஆறிவிடவே கூடாது என்றுதான் நினைக்கிறேன்.